வறுத்த பருப்பும் கருப்பட்டிப் பாகும்

(ஆத்தூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வெற்றிலைக்குப் பேர்போன ஊர் உங்கள் ஊர். 2023-இல் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தாமிரபரணித் தண்ணீர் பாயும் கொடிக்காலில், அகத்தி நிழலில் வளர்கிற இலை அது. கொடியிலிருந்து கிள்ளிய நிமிஷத்திலிருந்து வெளியூர்ச் சந்தையில் கட்டுப் பிரிக்கும் வரைக்கும் அந்த இலையின் ஈரம் போகாமல் காப்பதுதான் கொடிக்கால்காரர்களின் பாதிப் பாடு. நான் பேச வந்திருக்கும் பண்டம் இதற்கு நேர் எதிரானது. அதில் ஈரம் ஒரு பொட்டு நின்றாலும் கெட்டது. ஈரத்தைக் காக்கத் தெரிந்த ஊருக்கு ஈரத்தைப் போக்குவதைப் பற்றிச் சொன்னால் சட்டென்று விளங்கும் என்ற தைரியத்தில்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

நிலக்கடலையும், முந்திரி என்றும் கொல்லாம்பருப்பு என்றும் சொல்கிற அண்டிப்பருப்பும் வறுத்து, கருப்பட்டிப் பாகு காய்ச்சி, சுக்கும் மிளகும் ஏலமும் இடித்துப் போட்டு, பருப்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும்படி பாகு பூசி எடுப்பது. இதுதான் பொருள். உருண்டை பிடிப்பதும் இல்லை, தட்டில் ஊற்றி வில்லை போடுவதும் இல்லை. கையில் அள்ளினால் உதிரியாக வர வேண்டும். கடித்தால் நொறுங்க வேண்டும். இனிப்பு முடிகிற இடத்தில் சுக்கின் காரம் தொண்டையில் ஏற வேண்டும்.

இதற்கு வேண்டிய சாமான்கள் உங்கள் வீட்டைச் சுற்றி எங்கெங்கே கிடக்கின்றன என்று பாருங்கள். திருச்செந்தூரைத் தாண்டிப் போனால் உடன்குடி. அந்த ஊர்க் கருப்பட்டியும் புவிசார் குறியீடு பெற்றதுதான். பக்கத்திலேயே ஆறுமுகநேரி உப்பளம். வடக்கே முக்காணிப் பாலம் தாண்டிப் போனால் தூத்துக்குடி. ஆப்பிரிக்காவிலிருந்து ஓட்டோடு வரும் கொல்லாங்கொட்டை வ.உ.சி. துறைமுகத்தில் இறங்கி, அந்தச் சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் உடைபட்டுப் பருப்பாகிறது. இன்னும் மேலே போனால் கோவில்பட்டி, அதைச் சுற்றிக் கரிசல் காட்டுக் கடலை. ஒரே மாவட்டத்துக்குள் இத்தனையும் இருக்கிற இடம் தமிழ்நாட்டில் வேறு எங்கே இருக்கிறது? இருந்தும், வெளியூரில் எங்கோ அடைத்த, ரசாயன மணம் பூசிய இனிப்புக் கடலைப் பொட்டலங்கள் கடை வாசலில் தோரணமாகத் தொங்குகின்றன. பிள்ளைகள் பல்லால் கிழித்துத் தின்கிறார்கள். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. இந்தப் பண்டம் வீட்டு அடுப்பில் செய்யக்கூடியது, வீட்டில் செய்தால்தான் நன்றாகவும் இருக்கும் என்று சொல்லத்தான் வந்தேன்.

கொஞ்சம் பழைய கதைக்குப் போவோம். நிலக்கடலையும் கொல்லாமரமும் நம்முடையவை அல்ல. இரண்டுமே தென் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். கொல்லாமரத்தைப் பிரேசிலிலிருந்து இந்தியக் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர்கள், பதினாறாம் நூற்றாண்டில். அவர்கள் 1530-களில் இந்த முத்துக்குளித்துறையில் வேரூன்றியபோது, நம் தாமிரபரணி கடலோடு கலக்கிற புன்னைக்காயல் அவர்களுக்கு முக்கியமான இடமாக இருந்தது. ஆனால் பாகு அவர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே இருந்தது. பனை இருந்தது, பதநீர் இருந்தது, எள் இருந்தது, பொரி இருந்தது. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மிளகும் சுக்கும் வந்துகொண்டே இருந்தன. எள்ளுருண்டை பிடித்த கை, புதிதாக வந்த கடலையையும் அதே பாகில் போட்டது. கடல் தாண்டி வந்த பருப்பை நம் அடுப்பு தயங்காமல் ஏற்றுக்கொண்டதை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சிதான்.

தூத்துக்குடி மக்ரூனையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம். ஐரோப்பாவில் பாதாம் பொடியில் செய்கிற பண்டத்தை இங்கே அண்டிப்பருப்புப் பொடியில் செய்தார்கள். முட்டையின் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, சீனி சேர்த்து, பருப்புப் பொடியை மெல்லக் கலந்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, மிதமான சூட்டில் வைத்து உலர்த்துவது அது. வேகவைப்பதைவிட உலர்த்துவதுதான் அதில் பெரிய வேலை. டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு அரை நாள் கழித்து எடுத்தால் என்ன ஆகும் என்று தூத்துக்குடிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடற்காற்று அதைத் தளர்த்திவிடும்.

கடலைமிட்டாய் கோவில்பட்டியில் நிலைகொண்டதற்கும் இந்தக் காற்றுக்கும் தொடர்பு உண்டு என்பது என் கணிப்பு. முன்பெல்லாம் கிராமங்களில் கருப்பட்டியில் கடலையைப் போட்டு உருண்டையாகப் பிடிப்பார்கள். கோவில்பட்டி கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த பொன்னம்பல நாடார் 1940-களில் கரும்பு வெல்லத்துக்கு மாறி, வில்லையாக வெட்டி விற்றார் என்பது அந்த ஊர்க்காரர்கள் பெருமையோடு சொல்லும் வரலாறு. அதிலிருந்து ஒரு தொழிலே வளர்ந்து, 2020 ஏப்ரல் 30-ஆம் தேதி கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசல் மண்ணில் விளைந்த கடலை, தாமிரபரணித் தண்ணீர், தேனி, சேலம் பக்கத்து வெல்லம் என்று அதன் தனித்தன்மைக்குக் காரணம் சொல்வார்கள். எல்லாம் சரிதான். அவற்றோடு அந்த ஊரின் வறண்ட காற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பேன். கடலோரத்தில் வெல்லப்பாகு அவ்வளவு நேரம் மொறுமொறுப்பாக நிற்காது. நம் வீடுகளில் செய்த கடலைமிட்டாய் மூன்றாம் நாளே கையில் ஒட்டுவதற்குச் செய்தவரின் கைப்பக்குவம் மட்டும் காரணமல்ல. வெல்லத்திலும் கருப்பட்டியிலும் சீனிச் சத்தோடு குளுக்கோஸ், பிரக்டோஸ் என்ற சர்க்கரைகளும் கலந்திருக்கின்றன. இவை காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொள்ளும்.

ஆக நமக்கு மூன்று ஈரங்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. பருப்புக்குள் இருக்கும் ஈரம், பாகுக்குள் இருக்கும் ஈரம், காற்றில் இருக்கும் ஈரம். செய்முறையில் நான் சொல்லப்போவது எல்லாமே இந்த மூன்றுக்குள் அடங்கும்.

முதலில் பருப்பு. கடலையை வாங்கியதும் சுளகில் கொட்டிப் புடைத்து, வெளிச்சத்தில் வைத்துப் பொறுக்குங்கள். இந்த வேலையைச் சோம்பல்பட்டு விட்டுவிடக் கூடாது. சுருங்கியது, கறுத்தது, பச்சையாகவோ மஞ்சளாகவோ பூஞ்சணம் படிந்தது எதுவானாலும் தூக்கி எறியுங்கள். ஈரத்தில் கிடந்த கடலையில் ஒரு பூஞ்சணம் வளர்ந்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் என்ன நோய் என்றே தெரியாமல் செத்து விழுந்தன. தீவனத்தில் கலந்திருந்த, பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்குதான் காரணம் என்று ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள். அப்படித்தான் இந்த நஞ்சு உலகத்துக்குத் தெரியவந்தது. மனிதர்களுக்கு இது ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுவதும் போகாது. தின்னும்போது ஒரு கடலை கசந்தால் முகம் சுளித்தபடியே விழுங்கிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. விழுங்காதீர்கள், துப்பிவிடுங்கள். பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக் கொடுங்கள்.

வறுப்பதற்கு வெறும் சட்டி போதாது. தள்ளுவண்டிக்காரர் மணலில் வறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். சூடேறிய மணல் கடலையை எல்லாப் பக்கமும் மூடிக்கொள்வதால் ஒரு பக்கம் கருகி மறுபக்கம் பச்சையாக நிற்பதில்லை. நமக்கு மணல் தேட வேண்டாம், கல்லுப்பு இருக்கிறது. ஆறுமுகநேரி உப்பு அரைக் கிலோ எடுத்து, கனத்த இரும்புச் சட்டியில் போட்டு, மிதமான தீயில் படபடவென்று வெடிக்கும் வரை சூடேற்றுங்கள். உப்புக்குள் இருக்கும் ஈரம் வெடித்து வெளியேறுகிற சத்தம் அது. சத்தம் அடங்கிய பிறகு கால் கிலோ கடலையைப் போட்டு, தீயைக் குறைத்து, அடியிலிருந்து மேலே புரட்டிக்கொண்டே இருங்கள்.

இனி உங்கள் காதும் மூக்கும்தான் வேலை செய்ய வேண்டும். முதல் சில நிமிஷம் ஒன்றும் நடக்காதது போலிருக்கும். பச்சைக் கடலை வாடைதான் வரும். பிறகு தோல் வெடிக்கிற சின்னச் சத்தம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கும், அப்புறம் அடர்ந்து கேட்கும். பச்சை வாடை போய் வறுகடலை மணம் எழும்பும். அப்போது ஒன்றை எடுத்து ஊதி ஆறவைத்து, தோலைத் தேய்த்து, இரண்டாகப் பிளந்து உள்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் இன்னும் நேரம் வேண்டும். இளம் பொன்னிறம் வந்திருந்தால் உடனே இறக்கிவிட வேண்டும். முழுப் பொன்னிறம் வரட்டும் என்று காத்திருந்தால் கெட்டது, ஏனென்றால் கடலை தன் சூட்டிலேயே இறக்கிய பிறகும் கொஞ்ச நேரம் வறுபடும். எனக்குப் பத்திலிருந்து பதினைந்து நிமிஷத்துக்குள் ஆகிறது. உங்கள் சட்டியின் கனம், தீயின் அளவு பார்த்து முன்பின் ஆகலாம். ஓட்டைக் கரண்டியால் அள்ளி உப்பைச் சலித்துவிட்டு, சுளகில் பரப்பி ஆறவிடுங்கள். ஆறிய பின் கைகளுக்கு நடுவே தேய்த்துப் புடைத்தால் தோல் பறந்துவிடும். ஒட்டிக்கொண்டு நிற்கிற நாலு உப்புப் பொடியைத் தட்ட வேண்டாம், இனிப்புக்கு அது நல்ல துணை. சட்டியில் மீந்த உப்பு நிறம் மங்கியிருக்கும். ஆறவைத்து ஒரு தூக்கில் போட்டு வைத்தால் அடுத்த முறைக்கும் ஆகும்.

அண்டிப்பருப்பை இப்படி உப்பில் போடக்கூடாது. அதன் மேல்பரப்பு மிருதுவானது, உப்பு ஒட்டிக் கரித்துவிடும். அதிலும் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் கொழுப்பு. சூடு ஏறினால் சட்டென்று சிவந்து, அடுத்த நொடியில் கருகும். அடிகனத்த சட்டியில் ஒரு தேக்கரண்டி நெய் விட்டு, சிறுதீயில், கையை எடுக்காமல் வறுக்க வேண்டும். இன்னொன்று. கடையில் பெரிய முழுப்பருப்பாகப் பார்த்து வாங்க வேண்டாம். ஒரு பவுண்டுக்கு எத்தனை பருப்பு நிற்கும் என்ற கணக்கில்தான் அதைத் தரம் பிரிக்கிறார்கள். 180 என்றால் பெரியது, 320 என்றால் சிறியது. பாகு பூசுவதற்கு உடைந்த அரைப்பருப்பே மேல். விலையும் குறைவு, பாகும் வெட்டுவாயில் நன்றாகப் பிடிக்கும்.

அந்தப் பருப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. கொல்லாங்கொட்டையின் ஓட்டுக்குள் தோலைப் பொசுக்குகிற எண்ணெய் இருக்கிறது. கொட்டைகளை ஆவியில் வேகவைத்து ஓடு பிரிக்கும் வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். எண்ணெய் பட்டுப் பட்டு அவர்கள் விரல்கள் கறுத்திருக்கும், தோல் உரிந்திருக்கும். கையுறை போட்டால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் கூலி குறையும் என்று போடாமலே செய்பவர்கள் உண்டு. அரைப்பருப்பை ஒன்றுகூடச் சிந்தாமல் செய்ய வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது அவர்களை நினைத்துத்தான்.

இப்போது கருப்பட்டி. பங்குனி, சித்திரை, வைகாசியில் பனையேறிகள் காலையிலும் மாலையிலும் மரமேறிப் பாளை சீவிப் பதநீர் இறக்குகிறார்கள். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுவது ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு இன்னொரு நன்மையும் செய்கிறது. சாற்றில் புளிப்பு ஏறினால் அதிலுள்ள சீனிச் சத்து குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் உடைந்துவிடும். சுண்ணாம்பு அதைத் தடுக்கிறது. நல்ல சுண்ணாம்புக் கலயத்தில் இறங்கிய பதநீரிலிருந்து வரும் கருப்பட்டிதான் கெட்டியாக நிற்கும், பாகும் பதத்துக்கு வரும். பனங்காட்டில் கலயம் தடவுகிற கையிலிருந்தே உங்கள் பருப்பின் மொறுமொறுப்பு தொடங்கிவிடுகிறது என்று சொன்னால் மிகையில்லை.

கருப்பட்டி என்ற பேரில் சீனி கலந்து விற்பது இன்று பெருகிவிட்டது. உடைத்துப் பாருங்கள். உடைத்த முகம் மங்கலாக, பழுப்பாக இருக்க வேண்டும். சீனிப் பரல் போலப் பளபளவென்று மின்னினால் எனக்குச் சந்தேகம் வரும். வாயில் போட்டால் இனிப்போடு லேசான கரிப்பும் பனையின் மணமும் தெரிய வேண்டும். நம்பிக்கையான ஆளிடம் வாங்குவதுதான் எல்லாவற்றையும்விடச் சிறந்த சோதனை. அந்த ஆள் கேட்கிற விலையைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள். மரமேறுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிற காலத்தில், அந்த உழைப்புக்கு நாம் கொடுக்கும் விலை பெரிதே அல்ல.

கால் கிலோ பருப்புக்கு நூற்று இருபத்தைந்து கிராம் கருப்பட்டி போதும். தட்டிப் போட்டு, அது கரைகிற அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டுச் சூடாக்கி, வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். மண், துரும்பு, சுண்ணாம்புக் கசடு எல்லாம் துணியில் நின்றுவிடும். வடிகட்டாமல் செய்தால் பல்லில் மண் நறநறக்கும். எத்தனை ஏலக்காய் போட்டாலும் அதை மறைக்க முடியாது. வடித்ததைச் சுத்தமான சட்டியில் ஊற்றி, மிதமான தீயில் வையுங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் இருக்கட்டும்.

பாகு பொங்கும். முதலில் பெரிய பெரிய குமிழியாக, சளசளவென்று. கரண்டியிலிருந்து ஒரு சொட்டைக் கிண்ணத்துத் தண்ணீரில் விடுங்கள். கலங்கிக் கரைந்து போகும். சற்றுப் பொறுத்து இன்னொரு சொட்டு. இப்போது கரையாது, அடியில் சப்பையாகப் படியும், விரலால் கூட்டினால் குழைவாகத் திரளும். அதிரசத்துக்கு அந்தப் பதம். இன்னும் கொஞ்ச நேரத்தில் உருட்டினால் உருண்டையாக நிற்கும், அமுக்கினால் அமுங்கும். பொரி உருண்டைக்கு அது போதும், நமக்குப் போதாது. இதற்குள் குமிழிகள் சிறுத்து, நெருங்கி, பாகு கனத்து ஓடும், நிறம் ஆழும். இப்போது விட்ட சொட்டைத் தண்ணீரிலிருந்து எடுத்து வளைத்தால் வளையாமல் முறிய வேண்டும். கிண்ணத்தின் விளிம்பில் தட்டினால் கல் பட்டது போல ணங் என்று கேட்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்ட நொடி அடுப்பை அணையுங்கள்.

சொட்டு கரைந்ததற்கும் ணங் என்று கேட்டதற்கும் நடுவே என்ன நடந்தது? தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. தண்ணீர் குறையக் குறையப் பாகு கொதிக்கும் சூடு ஏறும். உருட்டுப் பதம் 120 டிகிரி செல்சியசை ஒட்டி வரும். சீனிப் பாகு முறியும் பதம் 150-ஐ ஒட்டி. அப்போது அதில் தண்ணீர் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். கருப்பட்டியை அதுவரைக்கும் கொண்டுபோக முடியாது. அதிலுள்ள மற்றச் சத்துகள் முன்னதாகவே கருகிக் கசக்கத் தொடங்கிவிடும். 140-க்குள் நிறுத்திவிட வேண்டும். மிச்சமிருக்கும் ஈரத்தை எப்படிப் போக்குவது என்று அடுத்துச் சொல்கிறேன். ஒரு எச்சரிக்கை: இந்தச் சூட்டில் பாகு கையில் தெறித்தால் ஒட்டிக்கொண்டு சதையைச் சுட்டுவிடும். கொதிக்கும் தண்ணீரைவிட மோசம். பிள்ளைகளை அடுப்படியிலிருந்து தள்ளி நிறுத்துங்கள்.

மசாலா, பாகு காய்ச்சுவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். சுக்கை மேல்தோல் சீவி, லேசாகச் சூடுகாட்டி, இடித்துச் சலித்து ஒரு தேக்கரண்டி. நார் நாராக விழுந்தால் தொண்டையில் மாட்டும், அதனால் சலிப்பது அவசியம். இஞ்சி காயும்போது அதிலுள்ள ஜிஞ்சரால் என்ற சத்தில் ஒரு பகுதி ஷோகால் என்ற இன்னும் காரமான சத்தாக மாறுகிறது. பச்சை இஞ்சியின் காரம் நாக்கில் நின்றுவிடும், சுக்கின் காரம் நெஞ்சுவரை இறங்கும். மிளகு அரைத் தேக்கரண்டி, கொரகொரப்பாக. ஏலக்காய் நான்கு. இவற்றில் பாதியை எடுத்து, வறுத்த பச்சரிசி மாவு ஒரு தேக்கரண்டியோடு கலந்து தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுப்பை அணைத்ததும் மீதிப் பாதி மசாலாவைப் பாகில் போட்டு ஒரு கிண்டு. கொதிக்கும்போது போட்டால் ஏலக்காய் மணம் ஆவியோடு போய்விடும், வீடு முழுக்க மணக்கும், பருப்பில் மணக்காது. உடனே பருப்பைக் கொட்டிப் பரபரவென்று புரட்டுங்கள். பருப்பு அப்போது இளஞ்சூட்டோடு இருக்க வேண்டும்; தோல் நீக்க ஆறவைத்ததை முன்னதாக லேசாகச் சூடுகாட்டி வையுங்கள். ஆறிக் குளிர்ந்த பருப்பாக இருந்தால் பாகு பட்ட இடத்திலேயே இறுகிக் கட்டியாகும். எல்லாப் பருப்பிலும் பாகு ஏறியதும், மறுபடி மிகச் சிறுதீயில் சட்டியை வைத்து இரண்டு மூன்று நிமிஷம் விடாமல் புரட்டுங்கள். விட்டுப்போன ஈரம் இப்போதுதான் போகும். 140-க்குள் நிறுத்தியதால் வந்த குறையை இது சரிசெய்யும். பளபளப்பு மங்கி, பாகு பருப்போடு இறுகி உலர்ந்து வரும்போது இறக்கி, எடுத்துவைத்த அரிசி மாவு மசாலாவைத் தூவிக் குலுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிர்ந்து நிற்கும்.

இந்தக் கடைசி உத்தி மலையாளிகளுடையது. ஓணத்துக்கு அவர்கள் செய்கிற சர்க்கரை வரட்டி தெரியுமல்லவா? நேந்திரங்காய் வறுவலை வெல்லப்பாகில் புரட்டி, சுக்குப்பொடி தூவி உதிர்ப்பார்கள். அவர்கள் ஊரிலும் மழைக்கும் ஈரத்துக்கும் குறைவில்லை. மேலே தூவுகிற உலர்ந்த பொடி ஒரு காப்பாகவே நிற்கிறது. நம் பக்கத்துக் கருப்பட்டிச் சேவும் இதே குடும்பம்தான். ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் சந்தைகளில் செப்புப் பானையில் பாதாமையும் சீனியையும் லவங்கப்பட்டையையும் போட்டுக் கிண்டி, காகிதக் கூம்பில் சுடச்சுடக் கொடுப்பார்கள். அங்கே குளிர் கடுமை. திறந்த கூம்பில் வைத்தே தின்னலாம். நமக்கு அந்த வசதி இல்லை.

காற்றின் ஈரத்தைப் பற்றி: முழுவதும் ஆறுவதற்கு முன் டப்பாவில் போட்டு மூடிவிடாதீர்கள். உள்ளே ஆவி வியர்த்து, நீங்கள் பாடுபட்டுப் போக்கிய ஈரம் முழுதும் திரும்ப வந்துவிடும். ஆறவைக்கிறேன் என்று திறந்த தட்டில் ராத்திரி முழுக்க வைப்பதும் தப்பு. அரைமணி நேரம் போதும். பிறகு இறுக்கமாக மூடும் கண்ணாடிப் பாட்டிலில், பெரிய பாட்டில் ஒன்றாக இல்லாமல் சின்னச் சின்னதாக நாலைந்தில் போட்டு வையுங்கள். ஒன்றைத் தின்று முடித்த பிறகு அடுத்ததைத் திறக்கலாம். சிக்கு வாடை வந்துவிட்டால் பருப்பிலுள்ள எண்ணெய் கெட்டுவிட்டது என்று பொருள். மறுபடி வறுத்தால் சரியாகாது.

இரண்டு விஷயங்களை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட வேண்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு முழுப்பருப்பு கொடுக்காதீர்கள், மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும், பொடித்துக் கொடுங்கள். அடுத்தது, கருப்பட்டி என்றால் சர்க்கரை நோய்க்காரர்கள் எவ்வளவும் தின்னலாம் என்று ஒரு நம்பிக்கை நம் ஊர்களில் பரவியிருக்கிறது. அது தவறு. கருப்பட்டியிலும் பெரும்பகுதி சீனிச் சத்துதான், ரத்தத்தில் சர்க்கரையை அதுவும் ஏற்றும். கருப்பட்டிக்கு மணமும் சுவையும் சிறிது தாதுச்சத்தும் உண்டு, அதற்காகக் கொண்டாடுவோம். மருந்து என்று சொல்லி நம் அப்பாமாரையும் அம்மாமாரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டாம்.

மகளிர் குழுவிலிருந்து வந்திருக்கும் அக்காமார் சிலர், இதைச் செய்து விற்கலாமா என்று கூட்டம் தொடங்குமுன் என்னிடம் கேட்டார்கள். தாராளமாக விற்கலாம். உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு தயாரிப்பாளருக்கான பதிவு இருக்கிறது, அதைச் செய்துகொள்ளுங்கள். பொட்டலத்தில் கடலை, அண்டிப்பருப்பு என்று தெளிவாக அச்சிடுங்கள். சிலருக்கு இவை ஒவ்வாமல் உயிருக்கே ஆபத்தாகும். பேர் வைப்பதிலும் கவனம் வேண்டும். புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் நிறைவேறி, 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆத்தூரில் செய்த பண்டத்துக்குக் ‘கோவில்பட்டி கடலைமிட்டாய்’ என்று பேர் போட முடியாது. வேறெங்கோ விளைந்த இலையை ‘ஆத்தூர் வெற்றிலை’ என்று ஒருவர் கட்டி விற்றால் நீங்கள் பொறுப்பீர்களா? அதே நியாயம்தான் அவர்களுக்கும். உங்கள் பண்டத்துக்கு உங்கள் பேரையே வையுங்கள். உடன்குடிக் கருப்பட்டியில் செய்தது என்று எழுதுவதானால் அது உண்மையாகவே உடன்குடியிலிருந்து வந்ததாக இருக்கட்டும், ரசீதை எடுத்து வையுங்கள்.

முன்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுப்பிய கேள்விக்குப் பதில் சொல்லி முடிக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பெய்யும்போது பரணில் வைத்த கருப்பட்டி கசிந்து பிசுபிசுக்கிறது, அந்தக் கருப்பட்டியில் பாகு பதத்துக்கு வருமா என்று கேட்டார்கள். வரும், ஆனால் நேரம் எடுக்கும். காற்றின் ஈரத்தை நிறைய வாங்கியிருப்பதால் கூடுதலாகக் காய்ச்ச வேண்டும், கருகும் அபாயமும் கூடும். அந்த மாதங்களில் மூன்றில் ஒரு பங்கு நல்ல கரும்பு வெல்லத்தைக் கலந்துகொள்ளுங்கள், பாகு சற்று எளிதாக முறியும். தீபாவளிக்குச் செய்வதானால் மழை வெறித்து வெயிலடிக்கிற ஒரு பகலாகப் பார்த்து, பத்து மணிக்கு மேல் அடுப்பைப் பற்ற வையுங்கள். காலைப் பனியிலும் மழைக் கூதலிலும் வேண்டாம். கால் கிலோவுக்கு மேல் ஒரே ஈடாகப் போடவும் வேண்டாம்; அரைக் கிலோ வேண்டுமென்றால் இரண்டு ஈடாகச் செய்யுங்கள்.